ஸ்டெல்லாக்கா அனுப்பிய மூன்று டிசைன்கள்

இதை எழுதலாமா, வேண்டாமா என்று இரண்டு வாரம் தள்ளிப்போட்டேன். கடைசியில் ஸ்டெல்லாக்காவிடமே கேட்டேன். "எழுதுங்க மேடம். நான் அழுததை மட்டும் ரொம்ப எழுதாதீங்க" என்றார். சரி, எழுதுகிறேன். அழுதது அவர் மட்டுமில்லை என்பதையும் சேர்த்து.

வாராவாரம் இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். விழுப்புரத்தில் சின்னதாக ஒரு டிசைன் ஆபீஸ். கல்யாணப் பத்திரிகை, கடைத் திறப்பு விழா பேனர், பள்ளிக்கூட அட்மிஷன் நோட்டீஸ்... இதுதான் சோறு போடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு ஒரு வகுப்பு எடுக்கிறேன். பதினோரு பேர் வருகிறார்கள். பத்துப் பேர் காலேஜ் முடித்தவர்கள். பதினோராவது ஆள் ஸ்டெல்லாக்கா.

அவருக்கு நாற்பத்தேழு வயது. என்னைவிட ஒன்பது வயது பெரியவர். திண்டிவனத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பதினெட்டு வருஷமாக டைப் அடிக்கிறார். மனு, பயோடேட்டா, வாடகை ஒப்பந்தம் எல்லாம் தட்டிக்கொடுப்பார். இப்போது கடைக்கு வருகிறவர்கள் டைப்போடு டிசைனும் கேட்கிறார்களாம். அதனால் சர்ச்சில் காலைப் பூசையை முடித்துவிட்டு, பஸ் ஏறி விழுப்புரம் வந்துவிடுவார். நான் அவரை அக்கா என்கிறேன், அவர் என்னை மேடம் என்கிறார். வேண்டாமென்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

அந்த வார வீட்டுப்பாடம் — பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு. உதாரணத்துக்குப் போர்டில் நான்கைந்து எழுதிப் போட்டேன். மின்தடை, கண் பரிசோதனை முகாம், வீடு வாடகைக்கு, காணவில்லை. எது வேண்டுமானாலும் செய்து, புதன்கிழமைக்குள் வாட்ஸ்அப் குரூப்பில் போடச் சொல்லியிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு ஸ்டெல்லாக்காவின் டிசைன் குரூப்பில் வந்து விழுந்தது. கூடவே ஒரு வரி: "மேடம் கொஞ்சம் ஜல்தியா பாத்து சொல்லுங்க."

நான் அப்போது ஒரு ஃபர்னிச்சர் கடைத் திறப்பு விழா வேலையில் கழுத்து வரை மாட்டியிருந்தேன். கடைக்காரர் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த எரிச்சலோடுதான் டிசைனைத் திறந்தேன்.

மஞ்சள் பின்னணி. ரத்தச் சிவப்பில் 'காணவில்லை' — கோயில் வளைவு மாதிரி வளைந்து. நடுவில் ஓர் ஆளின் போட்டோ, முக்கால் பக்கத்தை அடைத்துக்கொண்டு. தோளில் துண்டோடு சுவரோரம் நிற்கிறார், ஃப்ளாஷ் அடித்ததில் கண்ணைச் சுருக்கியிருக்கிறார். கீழே நான்கு விதமான எழுத்தில் ஏதேதோ விவரம். அதற்கும் கீழே தடிதடியாக ஒரு ஃபோன் நம்பர்.

பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. புதிதாகக் கற்கிறவரின் வேலையைப் பார்த்தால் நமக்கெல்லாம் அப்படித்தானே ஆகிறது? தப்பு கண்ணில் பட்டுவிட்டால் ஒரு சுகம். ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் காட்டும்போது நம் அனுபவத்தின் மேல் நமக்கே ஒரு மரியாதை...

நான்கு நிமிஷத்துக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். தனியாக இல்லை, குரூப்பிலேயே. எல்லாரும் கற்றுக்கொள்ளட்டும் என்ற நல்லெண்ணம்! எட்டுத் திருத்தம் சொன்னேன். மஞ்சளும் சிவப்பும் வேண்டாம். ஒரே எழுத்துரு போதும். போட்டோவைச் சின்னதாக்கி முகத்தை மட்டும் வெட்டி வையுங்கள். பின்னால் இருக்கிற சுவர் அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடுங்கள். இப்படியே போய், கடைசியில் ஒரு பஞ்ச் வைத்தேன்.

"நோட்டீஸ் கத்தக் கூடாதுக்கா. பேசணும்."

அந்த வரி எனக்கே பிடித்துப்போனது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். குரூப்பில் நான்கு பேர் கட்டைவிரல் தூக்கினார்கள். ஒருத்தி சிரிக்கிற பொம்மை போட்டாள். ஸ்டெல்லாக்கா "சரிங்க மேடம்" என்று மட்டும் போட்டார்.

பதினொரு மணிக்கு இரண்டாவது டிசைன் வந்தது. சொன்னதையெல்லாம் அச்சுப்பிசகாமல் செய்திருந்தார். வெளிர்ச் சாம்பல் பின்னணி. முட்டை வடிவத்துக்குள் முகம் மட்டும். ஓரங்களில் தாராளமான இடைவெளி. நான் மெச்சினேன். இப்போதுதான் வழிக்கு வருகிறீர்கள், முகத்தை இன்னும் கொஞ்சம் பளிச்சென்று பண்ணுங்கள், ஃபோன் நம்பர் கண்ணை உறுத்துகிறது, அதைக் குறைத்துவிடுங்கள் என்றேன். மறுபடி ஒரு "சரிங்க மேடம்".

பன்னிரண்டே காலுக்கு மூன்றாவது வந்தது. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி சரியாக இருக்கிறதா பார்க்கலாம் என்று விரலால் பெரிதாக்கினேன். எழுத்து எழுத்தாக நகர்த்திப் பார்த்தால்தானே இடைவெளி தெரியும்? அப்படி நகர்த்தும்போதுதான், அன்றைக்கு முதல்முறையாக, அதில் எழுதியிருந்ததை வாசித்தேன்.

'இன்று காலை ஆறு மணி முதல் காணவில்லை. பெயர்: அருள். வயது 53. காது கேட்காது, வாய் பேச வராது.'

தேதியைப் பார்த்தேன். அன்றைய தேதி. நம்பரைப் பார்த்தேன். ஸ்டெல்லாக்காவின் நம்பர்.

பயிற்சிக்குச் செய்கிறவர் தன் சொந்த நம்பரையா போடுவார்? போடலாம், புதுசுதானே... என்று மனசு ஒரு சாக்குத் தேடியது. ஆனால் விரல் அதற்குள் டயல் செய்துவிட்டது.

முதல் ரிங்கிலேயே எடுத்தார்.

"அக்கா, இது ப்ராக்டிஸ்தானே?"

மெதுவாகச் சொன்னார். "இல்ல மேடம். எங்க அண்ணன்."

ஏன்க்கா முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அவர் பதிலில் கோபமே இல்லை. உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார்.

"போட்டோ போட்டு, பேரு போட்டு, நம்பரும் போட்டுத்தானே மேடம் அனுப்பினேன். வேற எப்படி சொல்றது?"



மீதியைக் கேட்டுக் கேட்டு வாங்கினேன். அருள் அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. கல்யாணம் ஆகவில்லை, தங்கை ஸ்டெல்லாக்காவின் வீட்டில்தான் இருக்கிறார். விடிந்து பார்த்தால் ஆளைக் காணோம். விழுப்புரம் பஸ்ஸில் ஏறியதைப் பார்த்ததாக ஒரு பால்காரர் சொல்லியிருக்கிறார். போலீசில் எழுதிக் கொடுத்தாயிற்று. ஸ்டெல்லாக்காவின் வீட்டுக்காரர் பஸ் ஸ்டாண்டு பக்கமும் ஸ்டேஷன் பக்கமும் தேடிக்கொண்டிருந்தார். நோட்டீஸ் அடிக்கிற வேலை ஸ்டெல்லாக்காவுடையது.

"எனக்குத் தெரிஞ்சது இது ஒண்ணுதானே மேடம். ஊருக்கு முன்னாடி போற மொத டிசைன். தப்பா இருந்தா யாரும் நின்னு பாக்க மாட்டாங்கன்னு நீங்க வகுப்புல சொல்லிக்கினே இருப்பீங்களே... நீங்க சரின்னு சொன்னதும் பிரிண்ட் போடலாம்னு உக்காந்துக்கினு இருந்தேன்."

இரண்டரை மணி நேரம். அண்ணன் தொலைந்துபோன அன்றைக்கு, அந்த மனுஷி இரண்டரை மணி நேரம் நான் சொன்ன ஓர இடைவெளியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் இருப்பது நாலு வழிச் சாலை. அங்கே லாரி ஹாரன் அடித்தால் நாம் துள்ளி ஒதுங்குவோம். அவர் எப்படி ஒதுங்குவார்?

முதலில் அனுப்பிய டிசைனைத் திரும்ப எடுங்கள் என்றேன். மஞ்சளும் சிவப்பும் அப்படியே இருக்கட்டும். போட்டோவில் கை வைக்காதீர்கள். ஒரே ஒரு மாற்றம்தான்: அடியில் கிடக்கிற 'காது கேட்காது, வாய் பேச வராது' என்ற வரி மேலே, தலைப்புக்கு அடுத்து, பெரிதாக வர வேண்டும். காலையிலேயே நான் சொல்லியிருக்க வேண்டிய திருத்தம் மொத்தமும் அவ்வளவுதான்.

வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டேன். யோசித்துச் சொன்னார்.

"பின்னாடி இருந்து கூப்பிட்டா அவருக்குத் தெரியாது மேடம். முன்னாடி போய் நிக்கணும்."

அதையும் அப்படியே போடச் சொன்னேன். நான்கு நிமிஷத்தில் வந்துவிட்டது. ஆமாம், நான்கு நிமிஷம். என் வாய்ஸ் மெசேஜின் நீளம்.

ஃபர்னிச்சர் கடைக்காரரின் கால் வந்துகொண்டே இருந்தது. கட் செய்தேன். எனக்குத் தெரிந்த குரூப்புகளிலெல்லாம் நோட்டீஸைத் தட்டிவிட்டேன். நூறு காப்பி கலரில் அடித்துக்கொண்டு புது பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். டைம் கீப்பரிடம் பத்து, கண்டக்டர்களிடம், பழக்கடைகளில்... வாங்கியவர்கள் எல்லாரும் நின்று படித்தார்கள். ஒரு கண்டக்டர் மட்டும், பின்னாடி இருந்து கூப்பிட்டால் கேட்காது என்பதை இரண்டு முறை வாசித்துவிட்டு, நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அருள் அண்ணன் விழுப்புரத்தில் இறங்கவே இல்லையோ என்ற சந்தேகம் எனக்கு வந்துகொண்டே இருந்தது. திண்டிவனம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். சாலை ஓரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. துண்டு போட்ட ஒவ்வோர் ஆளும் அருள் அண்ணன் மாதிரியே தெரிந்தார். விக்கிரவாண்டி தாண்டும்போது ஸ்டெல்லாக்காவின் கால் வந்தது. கூட்டேரிப்பட்டில் ஒரு டீக்கடைக்காரர் கூப்பிட்டாராம். காலையில் பார்த்தேன் என்கிறாராம்.

கூட்டேரிப்பட்டு என்றால் இரண்டு ஊருக்கும் நடுவில். மயிலம் போகிறவர்கள் இறங்குகிற இடம். நான் இறங்கிக் கால் மணி நேரத்தில் ஸ்டெல்லாக்காவும் வீட்டுக்காரரும் பைக்கில் வந்து சேர்ந்தார்கள். ஸ்டெல்லாக்காவின் கண் வீங்கியிருந்தது. என்னைப் பார்த்ததும், இவ்வளவு தூரம் எதுக்கு மேடம் என்றார். அந்த நேரத்திலும்.

டீக்கடைக்காரருக்கு ஐம்பது வயசிருக்கும். நடந்ததைச் சொல்லவே சங்கடப்பட்டார். அருள் அண்ணன் பதினோரு மணியிலிருந்து பன்னிரண்டு வரை அவர் கடை பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார். டீ கொடுத்ததற்குக் கையெடுத்துக் கும்பிட்டாராம்.

"உங்க நோட்டீஸு எங்க வியாபாரிங்க குரூப்புல பதினொண்ணரைக்கே ஒண்ணு வந்துச்சுங்க. கலர் கம்மியா, அழகா, மூஞ்சி மட்டும் ரவுண்டுல. நான் யாருக்கோ கண்ணீர் அஞ்சலின்னு நெனச்சு தள்ளிட்டேன். ஆளு எதிர்லயே உக்காந்துக்கினு இருக்காரு... இந்த மஞ்ச நோட்டீஸு வந்தப்புறம்தான் திக்குனு ஆச்சு."

பதினோரு மணிக்கு வந்த இரண்டாவது டிசைனை ஸ்டெல்லாக்கா வீட்டுக்காரருக்கு அனுப்பியிருக்கிறார். நான் மெச்சிய டிசைனாயிற்றே. அவர் தெரிந்தவர்களுக்கு அனுப்ப, அது இங்கே வரை வந்துவிட்டது. வெளிர்ச் சாம்பல், முட்டை வடிவம், பளிச்சென்ற முகம்... என்னிடம் வருகிற அஞ்சலி போஸ்டர்களுக்கெல்லாம் நான் போட்டுக் கொடுக்கிற அதே அமைப்பு. உயிரோடு டீ குடித்துக்கொண்டிருந்த மனுஷனை, என் திருத்தங்கள் செத்தவராக்கி எதிர் பெஞ்சில் உட்கார வைத்திருந்தன.

ஸ்டெல்லாக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று முடிவு செய்துதான் பார்க்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது. நான் அந்த பெஞ்சைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர்தான் என் தோளைத் தட்டி, "அப்புறம் பாத்துக்கலாம் மேடம். ஆளத் தேடுவோம்" என்றார்.

அருள் அண்ணன் எந்தப் பக்கம் போனார் என்று டீக்கடைக்காரருக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரர் பைக்கில் நெடுஞ்சாலை ஓரமாகவே திண்டிவனம் பக்கம் திரும்பினார். நானும் ஸ்டெல்லாக்காவும் ஒரு ஷேர் ஆட்டோவைப் பிடித்து மயிலம் ரோட்டில் போனோம். மெதுவாகப் போகச் சொன்னோம். வலது பக்கம் அவர், இடது பக்கம் நான். எதிரில் ஆம்புலன்ஸ் ஒன்று சத்தம் போட்டுக்கொண்டு வந்தது. ஸ்டெல்லாக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். அது கடந்து வெகு நேரமாகியும் விடவில்லை.

வழியில் நிற்கிறவர்களிடமெல்லாம் நோட்டீஸைக் காட்டினோம். பார்க்கவில்லை, பார்க்கவில்லை என்றே வந்தது. ஒரு காலேஜ் வாசலில் வாட்ச்மேன் மட்டும் நிறைய நேரம் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். மூன்றரை மணி ஆகிவிட்டது. ஆட்டோக்காரர் மயிலம் மலை அடிவாரம் வரை போய்விட்டு, இனி என்ன செய்யலாம் என்பது போல எங்களைப் பார்த்தார். திரும்பலாம் என்றேன். திரும்பி வரும்போது பக்கம் மாறிவிட்டது அல்லவா? போகும்போது நான் பார்த்த பக்கத்தை இப்போது ஸ்டெல்லாக்கா பார்த்தார்.

"நிறுத்துங்க" என்றார். சத்தமாகக்கூட இல்லை.

ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே ஒரு மல்லாட்டைக் கொல்லை, வேர்க்கடலை போட்டிருந்த நிலம். ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, பிடுங்கிப் போட்ட செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில், ரோட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் ஆண். அவரும் காய் ஆய்ந்துகொண்டிருந்தார். நான் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டுதான் போனேன். நோட்டீஸில் இருந்த முகத்தையே தேடிக்கொண்டு போனதில், முதுகு என் கண்ணில் படவில்லை.

ஸ்டெல்லாக்கா ஓடினார். செருப்பு ஒன்று வரப்பிலேயே கழன்றுவிட்டது. ஆனால் அண்ணனுக்குப் பத்தடி பின்னால் போனதும் ஓட்டத்தை நிறுத்தினார். முதுகைத் தொடவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே சுற்றிப் போய், அவருக்கு முன்னால் நின்றார்.

அருள் அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். உடனே முகத்தைத் திருப்பிக்கொண்டார். கோபம்! கையிலிருந்த செடியைத் தொப்பென்று போட்டுவிட்டு, கைகளால் வேகவேகமாக என்னவோ சொன்னார். ஸ்டெல்லாக்கா தலையாட்டிக்கொண்டே அழுதார். அதற்குமேல் எழுதவில்லை, வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அந்தப் பெண்களில் ஒருவர் சொன்னார், மதியம் நடுரோட்டில் நடந்துகொண்டிருந்தவரை இவர்கள்தான் கையைப் பிடித்து இழுத்து வந்து சோறு போட்டிருக்கிறார்கள். "பேச வராதுன்னு தெரிஞ்சுது. எந்த ஊருன்னுதான் தெரியல. வேலைய முடிச்சிட்டுப் போலீசுல சொல்லி உடலாம்னு இருந்தோம்" என்றார். அவர்களில் யார் கையிலும் வாட்ஸ்அப் இல்லை. நோட்டீஸ் எதையும் அவர்கள் பார்க்கவில்லை. எதிரில் வந்த மனுஷனைப் பார்த்தார்கள், அவ்வளவுதான்.

திரும்பும்போது, அண்ணன் என்ன சொன்னார் என்று கேட்டேன். ஸ்டெல்லாக்கா தயங்கித்தான் சொன்னார்.

"வகுப்புல சேந்த இந்த நாலு மாசமா வீட்டுக்கு வந்தாலும் நான் கம்ப்யூட்டர் முன்னாடியே உக்காந்துக்கினு இருக்கேனாம். கைய ஆட்டி ஆட்டிப் பாத்தாராம். நான் திரும்பவே இல்லியாம். மூஞ்சி பாத்தாத்தானே மேடம் அவரு பேச முடியும்? முதுகுகிட்ட எப்படிப் பேசுவாரு? சரி, இவ நம்மள பாக்க மாட்டா, நாம போயிடலாம்னு கெளம்பிட்டாராம்."

ஆட்டோவில் எங்களுக்கு நடுவில் அருள் அண்ணன் உட்கார்ந்திருந்தார். மடியில் அந்தப் பெண்கள் கட்டிக்கொடுத்த மல்லாட்டை. எனக்கு ஒன்றை உரித்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அதைத் தின்ன எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று தோன்றியது. ஆனால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தின்றேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பில், பத்துப் பேர் முன்னால் ஸ்டெல்லாக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். குரூப்பில் வைத்துத்தானே குறை சொன்னேன், மன்னிப்பும் அதே சபையில்தான் கேட்க வேண்டும். அவருக்கு அது ரொம்பச் சங்கடமாகிவிட்டது. சிரிக்கிற பொம்மை போட்ட பெண் தலையைக் குனிந்துகொண்டாள். ஃபர்னிச்சர் கடைக்காரர் வேறு டிசைனரிடம் போய்விட்டார், அது தனிக் கதை.

நண்பர்களே, நான் சொன்ன எட்டுத் திருத்தமும் பாடப்படி சரி. இன்றைக்கும் எந்தப் பரீட்சையிலும் மார்க் வாங்கும். ஆனால் இந்த நோட்டீஸ் யாருக்கு, எதுக்கு, எப்போது வேண்டும் என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. டிசைனைப் பார்த்தேன். அதில் எழுதியிருந்ததைப் பார்க்கவில்லை. அனுப்பியவரைப் பார்க்கவே இல்லை. பிள்ளையின் நோட்டைத் திருத்தும்போதும், மருமகள் வைத்த குழம்பில் உப்புப் பார்க்கும்போதும், ஆபீஸில் புதிதாகச் சேர்ந்தவரின் ரிப்போர்ட்டைப் புரட்டும்போதும் நாம் இதைத்தானே செய்கிறோம்?

இப்போதெல்லாம் குரூப்பில் எது வந்தாலும் முதலில் ஃபோன் போட்டுவிடுகிறேன். மாணவர்கள் பயப்படுகிறார்கள். என்னவோ ஆகிவிட்டது என்று நினைக்கிறார்கள்.

போன வாரம் ஸ்டெல்லாக்கா ஒரு காதுகுத்துப் பத்திரிகை டிசைன் அனுப்பினார். ரோஸ் பின்னணி, பச்சை எழுத்து, நான்கு மூலையிலும் மயில். நான் கூப்பிடுவதற்குள் அவரே கூப்பிட்டுவிட்டார்.

"மேடம், இது நெஜமாவே ப்ராக்டிஸ்தான். நல்லா திட்டுங்க."